தவிட்டு ஒத்தடம்

ஒத்தடம் வைப்பதில் செவந்திக்கு ஊரில் ஒரு பேர் இருந்தது. திருமயத்தில் ஊசி போட்டுக்கொண்டு வந்தவர்கள்கூட மினி பஸ்ஸை விட்டு இறங்கியதும் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நேரே அவள் வீட்டுக்குத்தான் வருவார்கள். நெல் தவிட்டை மண்சட்டியில் போட்டு, ஒரு கை கல் உப்பு சேர்த்து, கருகாமல் வறுத்து, பழைய வேட்டித் துணியில் முடிச்சாகக் கட்டி, முதலில் தன் உள்ளங்கையில் வைத்துப் பார்ப்பாள். தன் கைக்குப் பொறுக்கிற சூடுதான் அடுத்தவர் இடுப்புக்கு. பெரிய வைத்தியம் ஒன்றும் இல்லை, எல்லா வீட்டிலும் செய்வதுதான். ஆனால் ஊர் யாரையாவது பிடித்துக் கைராசிக்காரி என்று சொல்லிவிட்டால் அப்புறம் அந்தப் பேரிலிருந்து தப்ப முடியாது.

அவள் புருஷன் சேவுகன் அதைச் சொல்லியே கேலி செய்வான். "ஊர்ல உள்ள இடுப்பெல்லாம் பாத்துட்ட. எனக்கு மட்டும் ஒரு வலி வரமாட்டேங்குதேடி" என்பான். கடலைக்கொல்லையில் விடிந்ததிலிருந்து குனிந்து நிமிர்ந்தாலும் சாயங்காலம் விசிலடித்துக்கொண்டு வருகிற உடம்பு அது. கடைசியில் வலி வந்தது. திருச்சியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர், நுரையீரலில் தொடங்கிய புற்று இடுப்பு எலும்புவரை இறங்கிவிட்டது என்றார். இனிமேல் வலி தெரியாமல் பார்த்துக்கொள்வதுதான் வைத்தியம் என்றும் சொன்னார். அதற்குக் கொடுத்த மாத்திரை வயிற்றில் நிற்கவில்லை, விழுங்கிய கையோடு வாந்தியாக வந்தது. அதற்குப் பிறகுதான் பிளாஸ்திரி எழுதிக் கொடுத்தார்கள்.

பார்த்தால் மருந்து என்றே சொல்ல முடியாது. உள்ளங்கையில் பாதிகூட இல்லாத, ஒளி ஊடுருவுகிற ஒரு ஒட்டுத் துண்டு. வியாழக்கிழமைதோறும் வீடு தேடி வரும் நர்ஸ் கார்த்திகா, முதல் நாளே செவந்தியைப் பக்கத்தில் உட்காரவைத்து ஒவ்வொன்றாகச் சொன்னாள்.

"இது மூட்டுவலிக்கு ஒட்டுற பிளாஸ்திரி இல்லம்மா. இதுல உள்ள மருந்து தோல் வழியா ரத்தத்துல போயி ஒடம்பு பூரா வேலை செய்யும். நெஞ்சுல ஒட்டுங்க, இல்லாட்டி மேல் கையில. மூணு நாளைக்கு ஒண்ணு. பழசைப் பிச்சுட்டுத்தான் புதுசு. இது மேல சூடு படவே கூடாது. வெயில்ல உக்கார வைக்காதீங்க, வெந்நீர்ப் பை வைக்காதீங்க. கூப்பிட்டா முழிக்கல, வழக்கமில்லாத கொறட்டை வருது, மூச்சு மெதுவா ஓடுதுன்னா ஒடனே அதைப் பிச்சுட்டு எனக்குப் போன் போடுங்க."

"சரித்தா" என்றாள் செவந்தி.

ஏனோதானோ என்று சொன்ன சரி இல்லை. காலண்டரில் மூன்று நாளைக்கு ஒரு கோடு போட்டாள். அவனை வாசல் வெயிலில் உட்கார விடவில்லை. வெந்நீர்ப் பையை அவள் மருந்துக் கடையில் சிவப்பு ரப்பராகத் தொங்கிப் பார்த்திருக்கிறாள், அவ்வளவுதான். வீட்டில் இல்லாத பொருளை வைக்கமாட்டேன் என்று தலையாட்ட என்ன கஷ்டம்? தவிட்டு முடிச்சு அந்தப் பேச்சில் வரவே இல்லை. சொன்னவளுக்கும் தோன்றவில்லை, கேட்டவளுக்கும் தோன்றவில்லை. ரெண்டு மாதம் பிளாஸ்திரி நெஞ்சில் இருந்தது, ஒத்தடம் இடுப்பில் நடந்தது. ஒரு கெடுதலும் இல்லை.

சேவுகனுக்கு ஒரே ஒரு கவலைதான் மிச்சம் இருந்தது. மகன் ஆனந்தராஜ் குவைத்தில் இருந்தான். நாலு வருஷத்துக்கு முன்னால் கிணற்று மேட்டில் அப்பனும் மகனும் வாய்த் தகராறாகி, நிலத்தைக் கட்டிக்கொண்டு நீயே அழு என்று அவன் சொல்ல, என் மூஞ்சியில் முழிக்காதே என்று இவன் சொல்ல, அப்படியே விமானம் ஏறியவன். அன்றிலிருந்து போன் வந்தால் செவந்திதான் பேசுவாள். சேவுகன் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, காது கேட்காதவன் போல மேலே பார்ப்பான். இப்போது மகனுக்கு லீவு கிடைத்துவிட்டது. வெள்ளிக்கிழமை காலையில் திருச்சியில் வந்து இறங்குகிறான்.

"வெள்ளிக்கிழமை வரைக்கும் என்னை எப்பிடியாச்சும் ஓட்டிருடி" என்றான் சேவுகன். "அவனை நேர்ல பாத்து ஒரு வார்த்தை சொல்லணும். அப்பறம் எமன் வந்தா நானே வண்டியில ஏறிக்கிறேன்."

"என்ன வார்த்தைங்க?"

"அது எனக்கும் அவனுக்கும். ஒனக்கு என்ன?"

அந்த வாரம் திங்கட்கிழமை பிளாஸ்திரி மாற்றுகிற நாள். செவந்தி புதியதைப் பிரித்து நெஞ்சுப் பக்கம் கொண்டுபோனபோது அவன் கையைப் பிடித்துக்கொண்டான். "நெஞ்சுல ஒட்டி என்னடி புண்ணியம்? வலி இங்கிட்டுல்ல இருக்கு" என்று இடுப்பைக் காட்டினான்.

"நர்சம்மா நெஞ்சுலதான் ஒட்டச் சொன்னுச்சு."

"அது சின்னப்புள்ள. வலி எனக்கா, அதுக்கா?"

அவளுக்கும் அது நியாயமாகத்தான் பட்டது. பிளாஸ்திரி என்றால் வலிக்கிற இடத்தில் ஒட்டுவதுதானே உலக வழக்கம். இடுப்பில் ஒட்டி, ஓரம் கிளம்பாமல் அழுத்தித் தடவிவிட்டாள்.

புதன்கிழமை காலையில் அழகம்மாள் வந்தாள். சேவுகனின் அக்கா, செவந்திக்கு மதினி. முழங்கால் ரெண்டும் தேய்ந்து போனவள், ஆனால் வாய்க்கு ஒரு தேய்மானமும் இல்லை. படி ஏறும்போதே, "ஏன்டா தம்பி, நான் நொண்டி நொண்டி வாரேன், நீ ராசா மாதிரிப் படுத்துக் கெடக்கிறியே" என்று சத்தம் போட்டுக்கொண்டுதான் வந்தாள். அவனும் சிரிக்கப் பார்த்தான். ரெண்டு நாளாக ஒத்தடம் தேவைப்படாத அளவில் இருந்த வலி மதியம் கிளம்பியதும் அந்தச் சிரிப்பெல்லாம் போய், தலையணையைக் கடித்தான்.

செவந்தி அடுப்பில் சட்டியை வைத்தாள். தவிடு வறுபட்டு மணம் வந்ததும் முடிச்சாகக் கட்டி, உள்ளங்கையில் வைத்துப் பார்த்து, அவன் இடுப்பில் வைத்தாள். எடுத்து எடுத்து வைத்தாள். ஆறினால் மறுபடி சட்டிச் சூட்டில் காட்டி வைத்தாள். அரை மணி நேரத்துக்கு மேல் ஆனது. அவன் முகத்துச் சுருக்கம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிரிந்தது.

"இப்பத்தாண்டி எறங்குது" என்றான். "ஒன் கையே கைதான்."

அவன் அவளிடம் கடைசியாகச் சொன்னது அதுதான். அப்புறம் தூங்கிப் போனான். கொஞ்ச நேரத்தில் குறட்டை கேட்டது. ஐந்து மாதமாக அந்த வீட்டில் முனகல் தவிர வேறு சத்தம் கிடையாது. இந்தக் குறட்டையைக் கேட்டதும் செவந்திக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது.

"பாரு என் தம்பியோட கொறட்டைய! கடலை மில்லு ஓடுற மாதிரி" என்று அழகம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். செவந்தியும் சிரித்தாள். ரெண்டு பேரும் அடுப்படியில் உட்கார்ந்து பூண்டு உரித்தார்கள், பழைய கதை பேசினார்கள், சத்தம் போட்டால் எழுந்துவிடுவான் என்று ஒருத்தியை ஒருத்தி அதட்டிக்கொண்டார்கள். வழக்கமில்லாத குறட்டை என்று கார்த்திகா சொன்னது செவந்தியின் ஞாபகத்தில் எங்கேயோ கிடந்திருக்க வேண்டும். ஆனால் சேவுகன் காலமெல்லாம் குறட்டை விட்டவன். போயிருந்த குறட்டை திரும்பி வந்ததாகத்தான் அவள் எடுத்துக்கொண்டாள்.

நாலு மணிக்கு, வலி மறுபடி கிளம்புவதற்கு முன்னால் இன்னொரு தடவை வைத்துவிடுவோம் என்று தவிட்டைச் சுட வைத்தாள். இடுப்பில் கை பட்டாலே முனகுகிறவன் அப்போது முனகவில்லை. அவளுக்கு அதுவும் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதற்குச் சந்தோஷப்பட்டோம் என்று நினைத்து நினைத்துப் பின்னால் தலையில் அடித்துக்கொள்ளப் போகிறாள் என்பது அப்போது அவளுக்குத் தெரியாது, பாவம்.

விளக்கேற்றிவிட்டுக் காபியோடு போய்க் கூப்பிட்டாள். குறட்டை எப்போது நின்றது என்று ரெண்டு பேருமே கவனிக்கவில்லை.

அழகம்மாள் மார்பில் அடித்துக்கொண்டு அழுதாள். அழுது முடித்ததும் வந்தவர்களிடமெல்லாம் ஒரே பேச்சைப் பேசினாள். "வலின்னு ஒரு வார்த்தை சொல்லலைங்க. பொண்டாட்டி ஒத்தடம் வச்சா, ஒன் கையே கைதான்னு சொன்னான், தூங்குனான், தூக்கத்துலயே போயிட்டான். இந்த நோவுல யாருக்குங்க இப்பிடிச் சாவு வாய்க்கும்?" வந்தவர்கள் ஆமாம் ஆமாம் என்று செவந்தியின் கையைப் பிடித்துக்கொண்டார்கள்.

மகன் வரவேண்டும் என்பதற்காக உடம்பைக் குளிர்பெட்டியில் வைத்தார்கள். வியாழக்கிழமை வழக்கமான நேரத்துக்குக் கார்த்திகா வந்தாள். பெட்டியைப் பார்த்ததும் கும்பிட்டாள், செவந்தியைக் கட்டிக்கொண்டாள். பிறகு தாழ்ந்த குரலில், "பிளாஸ்திரியைப் பிச்சாச்சாம்மா?" என்று கேட்டாள்.

"குளிப்பாட்டயில பாத்தேன். இடுப்புல ஒட்டிருந்துச்சு. பிச்சு வச்சிருக்கேன்."

"இடுப்புலயா?"

கார்த்திகாவின் பார்வை அடுப்படிப் பக்கம் போனது. சட்டியின் மேல் அந்தத் துணி முடிச்சு அப்படியே இருந்தது. அதைப் பார்த்தாள், செவந்தியைப் பார்த்தாள், கையைப் பிடித்துக் கொல்லைப்பக்கம் கூட்டிப்போனாள். என்ன நடந்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். செவந்தி சொல்லச் சொல்ல அந்தப் பெண்ணின் முகம் வெளுத்தது.

"வெந்நீர்ப் பை வைக்கக் கூடாதுன்னு சொன்னேனேம்மா."

"அது எங்க வீட்ல இல்லியேத்தா."

"இதுவும் அதுதாம்மா. எந்தச் சூடா இருந்தாலும் அதுதான். மூணு நாள்ல கொஞ்சம் கொஞ்சமா எறங்க வேண்டிய மருந்து சூடு பட்டா மொத்தமா எறங்கிரும். மூச்சை அமுக்கிரும்." சொல்லிவிட்டு அவள் துவைக்கிற கல்லின் மேல் உட்கார்ந்துவிட்டாள். "ஒத்தடம்னு ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கணும். எனக்குத் தோணவே இல்லம்மா."

ரெண்டு பேரும் சத்தமில்லாமல் அழுதார்கள். உள்ளே யாரோ ஒருத்தி, மகராசி கையால் ஒத்தடம் வாங்கிப் போன மகராசா என்று ஒப்பாரி வைத்துக்கொண்டிருந்தாள். செவந்தி அந்தக் கையைச் சேலைக்குள் மறைத்துக்கொண்டாள்.

"எங்க டாக்டர்ட்ட நான் சொல்லித்தான் ஆகணும்" என்றாள் கார்த்திகா. "ஒங்களைக் குத்தம் சொல்றதுக்கு இல்ல. இன்னொரு வீட்ல இது நடக்கக் கூடாது. மிச்சம் உள்ளதை எடுத்துக் குடுங்கம்மா."

மிச்சம் ரெண்டு உறை இருந்தது. அது டிரங்குப் பெட்டியில், டிரங்குப் பெட்டி குளிர்பெட்டிக்குப் பின்னால், சுற்றி ஜனம். கழற்றிய பிளாஸ்திரியை மட்டும் வாங்கி, ஒட்டுகிற பக்கம் உள்ளே போக மடித்து வைத்துக்கொண்டு, "மிச்சத்தை அப்பறம் வந்து வாங்கிக்கிறேன். யாருக்கும் குடுத்துறாதீங்க. இந்த மருந்து பழகாத ஒடம்புக்கு ஒண்ணே போதும், ஆளைச் சாய்ச்சிரும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு நாலு தடவை போன் செய்தாள். பேரைப் பார்த்ததும் செவந்தி போனைக் கவிழ்த்து வைத்துவிடுவாள். அந்தக் குரலைக் கேட்டால் அந்தக் கல்லும் அந்த வார்த்தையும் மறுபடி வரும். அதைத் தாங்க அவளிடம் தெம்பு இல்லை.

வெள்ளிக்கிழமை வந்த ஆனந்தராஜ் கண்ணாடி மூடியின் மேல் முகத்தை வைத்துக்கொண்டு அரை நாள் கிடந்தான். "ரெண்டே நாள்ம்மா. ரெண்டு நாள் இருந்திருக்கக் கூடாதா?" என்று கேட்டான். அழகம்மாள்தான் அவனைத் தூக்கி நிமிர்த்தினாள். "அப்பன் நோகாமப் போயிட்டான்டா, அதை நெனச்சுக்க" என்றாள். அவன் அதைப் பிடித்துக்கொண்டான். கருமாதி வரைக்கும் கேட்டவர்களிடமெல்லாம், அப்பா வலியில்லாமல் போனார் என்று சொன்னான். சொல்லும்போது அவன் முகம் கொஞ்சம் தெளியும். அந்தத் தெளிச்சலைப் பார்த்துப் பார்த்துச் செவந்தி வாயை மூடிக்கொண்டாள். சொல்லி என்ன ஆகப்போகிறது, போனவன் வரப்போகிறானா என்று தனக்குத்தானே நியாயம் சொல்லிக்கொண்டாள்.

கருமாதிக்கு மறுநாள். பந்தல் பிரித்தாகிவிட்டது. விடிந்தால் ஆனந்தராஜுக்கு விமானம். உறவில் நாலைந்து பேர் மட்டும் மிச்சம் இருந்தார்கள். செவந்தி கிணற்றடியில் பாத்திரம் கழுவிவிட்டு உள்ளே வந்தபோது தவிடு வறுபடுகிற மணம் அடித்தது. பாத்திரத்தை அப்படியே வைத்துவிட்டுக் கூடத்துக்கு ஓடினாள்.

கூடத்தில் அழகம்மாள் சேலையை முழங்காலுக்கு மேல் சுருட்டிக்கொண்டு கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். வலது முழங்காலில் ஒரு பிளாஸ்திரி மினுங்கியது. பக்கத்தில் டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது.

"பதினாறு நாளா வேலை பாத்து காலு ரெண்டும் வெறகாப் போச்சுடி" என்றாள் அழகம்மாள். "அப்பனுக்கு நல்லாக் கேட்ட மருந்து, அத்தைக்கும் ஆகட்டும்னு மருமகன் எடுத்துக் குடுத்தான். தவிடும் வறுத்து வச்சிட்டேன். தம்பிக்கு வச்ச மாதிரியே ஒன் கையால வச்சு விடுத்தா. இன்னைக்கு நானும் அவனை மாதிரித் தூங்குறேன்."

ஆனந்தராஜ் தவிட்டு முடிச்சை எடுத்து அம்மாவிடம் நீட்டினான். "வச்சு விடும்மா."

சும்மா பிய்த்துப் போட்டுவிடலாம். பழைய மருந்து, கெட்டுப்போனது என்று ஏதாவது சொல்லலாம். ஆனால் அவன் சட்டைப் பையிலிருந்து இன்னொரு உறையும் எட்டிப் பார்க்கிறது, அத்தை ஊருக்குப் போகும்போது கொடுத்துவிட. அழகம்மாள் யார் பேச்சையும் சும்மா கேட்கிறவள் இல்லை. வாய்ப்பேச்சில் மறுத்தால், செவந்திக்குக் கொடுக்க மனசில்லை என்று சொல்லிவிட்டு வீட்டில் போய் ஒட்டிக்கொள்வாள். மேலே தவிடும் வைப்பாள்.

செவந்தி குனிந்து அந்தப் பிளாஸ்திரியைப் பிய்த்தாள். "ஏய், ஏய்" என்று அழகம்மாள் காலை இழுத்தாள். செவந்தி விடவில்லை. சொம்புத் தண்ணீரை அந்த முழங்காலில் ஊற்றிக் கழுவினாள். கழுவிக்கொண்டே, நிமிர்ந்து யாரையும் பார்க்காமல் சொன்னாள்.

"அவரு தூக்கத்துல போகல மதினி. இது மேல நான் சூடு வச்சேன். மருந்து மொத்தமா எறங்கிருச்சு. நர்சம்மா சொன்னுச்சு. நாம பூண்டு உரிச்சுக்கிட்டுச் சிரிச்சோமே, அப்ப அவருக்கு மூச்சு அடங்கிக்கிட்டு இருந்துருக்கு. என் கைதான் மதினி. இந்தக் கைதான்."

ஆனந்தராஜின் கையிலிருந்த முடிச்சு அவிழ்ந்து தவிடு கீழே கொட்டியது. செவந்தி எழுந்து போனை எடுத்தாள், கார்த்திகாவைக் கூப்பிட்டாள். பத்து நிமிஷம் ஒட்டியிருந்தது, கழுவியாகிவிட்டது என்றாள். பயப்பட வேண்டாம், ஆனாலும் சாயங்காலம் வரைக்கும் தனியாக விடாதீர்கள், தூங்கினால் எழுப்பிப் பாருங்கள், நான் கிளம்பி வருகிறேன் என்றாள் கார்த்திகா.

கேட்ட கோபத்தில் அழகம்மாள் அன்று மதிய மினி பஸ்ஸிலேயே போயிருப்பாள். தனியாக விடாதீர்கள் என்று கார்த்திகா சொன்னதால் போக முடியவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் செவந்தி உட்கார்ந்து அவள் தோள் ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். கண் அசந்தால், "மதினி" என்று கூப்பிடுவாள். இனி இவள் முகத்தில் முழிப்பதில்லை என்று வைராக்கியமாக இருந்தவள், அதற்கு மட்டும் "ம்" என்பாள். ஊரையே பேசிச் சிரிக்க வைக்கிறவள் வாயிலிருந்து அன்று அந்த ஒரு சத்தம்தான் வந்தது. கார்த்திகா வந்து நாடியைப் பார்த்து, ஒன்றுமில்லை என்று சொல்லி, உறையை வாங்கிக்கொண்டு போனாள்.

வெளியே போயிருந்த ஆனந்தராஜ் பொழுது சாயும் நேரத்தில் திரும்பி வந்தான். செருப்பில் கொல்லை மண் ஒட்டியிருந்தது. கிணற்று மேட்டுக்குத்தான் போயிருக்க வேண்டும். அம்மாவுக்கு எதிரே உட்கார்ந்தான், அவள் முகத்தைப் பார்க்கவில்லை.

"எங்கிட்ட என்னமோ சொல்லணும்னு சொன்னாராமே. என்னன்னு சொன்னாராம்மா?"

"சொல்லலப்பா. ஒனக்கும் அவருக்கும்னுட்டாரு."

அவன் தரையில் சிந்திக் கிடந்த தவிட்டை விரலால் கூட்டினான். அப்புறம் கேட்டான்.

"அந்தச் சூடு வைக்காம இருந்திருந்தா, வெள்ளிக்கிழமை வரைக்கும் இருந்திருப்பாரா?"

யாருக்குத் தெரியும் என்று சொல்லலாம். ஆண்டவன் எழுதினது என்று சொல்லலாம். நாளைக்குக் காலையில் விமானம் ஏறப்போகிற பிள்ளைக்கு அந்த ஒரு பொய்யையாவது கொடுத்தனுப்பலாம். செவந்தி தன் ரெண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு பார்த்தாள்.

"இருந்திருப்பாருப்பா" என்றாள்.